அருளும் ஆள்வினையும்

மனிதன் நல்லவனாவது தன் முயற்சியாலா? ஆண்டவன் அருளாலா? ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு மேலாகக் கிறித்துவ உலகம் கேட்டுவரும் கேள்வி இது. கோயிற் சுவருக்குள் அடங்கும் கேள்விதானே என்று ஒதுக்குவார் உளர். பள்ளியில் பாடஞ் சொல்லும் நம்மால் அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாகியஸ் என்னும் துறவி உரோமையில் அறம் உரைத்து வந்தார். பெயரிலே கிறித்துவம், வாழ்விலே களியாட்டம் என்றிருந்தோரைக் கண்டார், கொதித்தார். நாங்கள் எளிய மனிதர், எம்மால் ஆகுமா என்று அவர்கள் சாக்குரைத்தனர். ஆகும் என்றார் அவர்! இயலாத ஒன்றை இறைவன் கட்டளையிடுவானா என்று கேட்டார். 413-இல் தெமெத்திரியாஸ் என்னும் இளநங்கைக்கு எழுதிய மடலிலும் மனித இயல்பின் ஆற்றலையே முதலில் எடுத்துரைத்தார்.

எதிர்த்து நின்றார், வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயர் அகுஸ்தினார். திருந்த விரும்பியும் திருந்த இயலாது ஆண்டுக்கணக்கில் தவித்தவர் அவர். நன்மையை விரும்பும் நெஞ்சமே இறைவன் ஈயும் கொடை என்பது அவர் கண்ட உண்மை. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியஸ் கொள்கையைக் கண்டித்தது.

தீர்ப்பு வந்தது, வழக்கு ஓய்ந்ததா? இல்லை! மனித விருப்புரிமைக்காக 1524-இல் எராஸ்மஸ் எழுதினார். மறு ஆண்டே லூத்தர் மறுத்தெழுதினார். அருளே தொடங்கி வைக்கிறது, மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான் என்று 1547-இல் திரெந்து சங்கம் உரைத்தது. 1999 அக்டோபர் 31-இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். மீட்பு அருளின் கொடை, நற்செயல் அதன் கனி என்பதே அதன் சாரம்.

இவ்வரலாற்றை வகுப்பிலே கூறினோம். மாணவன் ஒருவன் எழுந்தான். "எல்லாம் அருள் என்றால் முயற்சி எதற்கு, ஐயா?" என்றான். நல்ல கேள்வி! நம் வகுப்பே அதற்கு விடை தந்தது.

வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன். படிப்பு வரவில்லை என்று சோம்பிக் கிடக்கிறான். மற்றொருவன் இரவெல்லாம் தறியருகே நின்று தந்தைக்கு உதவிவிட்டு, விடியலில் நூலை விரிக்கிறான், விரித்தும் தோற்கிறான். முன்னவனுக்குத் தேவை பெலாகியஸின் குரல்: எழுந்திரு, உன்னால் முடியும்! பின்னவனுக்குத் தேவை அகுஸ்தினாரின் குரல்: வெற்றியால் உன் மதிப்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, அன்பு உனக்கு முன்பே அளிக்கப்பட்டுவிட்டது. மாற்றிக் கொடுத்தால் மருந்தே நஞ்சாகும்.

ஆனால் ஊரிலே நடப்பதென்ன? மாற்றித்தானே கொடுக்கிறார்கள்! உண்டு கொழுத்தவன் தன் வாழ்வை அருள் என்கிறான். உழைத்து இளைத்தவனைப் பார்த்து, முயற்சி போதாது என்கிறான். என்னே நீதி!

வீடும் விளக்கும் நூலும் எழுத்தறிவும் நாம் உழைத்து ஈட்டியவையா? பிறர் ஈந்தவை அன்றோ? அகரத்தைச் சொல்லித் தந்தவர் வேறொருவர். எழுதிப் பழகியதோ நம் கை. அருளும் ஆள்வினையும் அங்கே பிணங்கவில்லை. பெற்றது கொடை என்றறிந்தவன் செருக்கமாட்டான். கைகட்டி வாளாவிருக்கவும் மாட்டான். தான் பெற்றதைப் பெறாதவனிடம் கொண்டு சேர்ப்பான். அதுவே அருள் பெற்றமைக்கு அடையாளம். அதுவே முயற்சிக்கும் முதல் வேலை!