பிள்ளை வரேல்ல எண்டதும்தான் வயித்துக்குத்து கேட்டது

எங்கட சிநேகிதி ஒருத்திக்குப் பதினாலு வயசில தொடங்கினது இந்த வயித்துக்குத்து. மாதவிடாய் வந்தால் முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் இல்லை. வந்தாலும் மேசையில கவிழ்ந்து படுத்திருப்பாள். நாங்கள் பாக்கில இருந்து பனடோல் எடுத்துக் குடுப்பம். "எங்களுக்கும்தானே வருது, நீ கொஞ்சம் ஓவர்" எண்டு சொன்னதும் நாங்கள்தான்.

வீட்டில வெந்தயத் தண்ணி குடுத்தார்கள். ஸ்கான் ஒண்டு எடுத்துப் பார்த்தார்கள், "ஒண்டும் இல்லை." கிளினிக்கில "கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்தால் எல்லாம் சரியாகும்" எண்டார்கள். இருபத்தைஞ்சில கட்டினாள். இரண்டு வருசம் பிள்ளை இல்லை. அதுக்குப் பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள்: கோயில், நேர்த்தி, விசேட வைத்தியர். திரும்ப எடுத்த ஸ்கானில சூலகத்தில கட்டி. எண்டோமெற்றியோசிஸ்.

"பதின்மூண்டு வருசம் நான் அழுதது ஒருத்தருக்கும் கேக்கேல்ல. இரண்டு வருசம் பிள்ளை வரேல்ல எண்டது ஊருக்கே கேட்டிட்டுது" எண்டாள். எங்களிட்டப் பதில் இருக்கேல்ல.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சூலகம், பலோப்பியன் குழாய், சில வேளை குடல், சலப்பை வரைக்கும் அது போகும். மாதாமாதம் ஓமோன்களுக்கு ஏற்ப அங்கேயும் இரத்தம் கசியும், ஆனால் வெளியேற வழியில்லை. அதனால் அழற்சி, தழும்பு, உறுப்புகள் ஒண்டோடொண்டு ஒட்டிக்கொள்ளுதல். சூலகத்தில பழைய இரத்தம் தேங்கி வருகிற கட்டியைத்தான் 'சொக்லேட் சிஸ்ட்' எண்டு சொல்லுவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் கிட்டத்தட்ட 10 வீதமானோருக்கு, அதாவது சுமார் 190 மில்லியன் பேருக்கு இது இருக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறை ஒண்டில எத்தனை பிள்ளைகள் கவிழ்ந்து படுத்திருக்கலாம் எண்டு யோசித்துப் பாருங்கோ.

ஸ்கானில தெரியேல்ல எண்டால் நோய் இல்லை எண்டு அர்த்தமில்லை. சின்னப் படிவுகள் சாதாரண ஸ்கானில பெரும்பாலும் பிடிபடாது. கர்ப்பம் இதுக்கு மருந்தும் இல்லை. நோய்க்குச் சிகிச்சையாகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக்கூடாது எண்டு 2022இல் வெளிவந்த ஐரோப்பிய வைத்திய வழிகாட்டி தெளிவாகவே சொல்லுது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வலிநிவாரணி, ஓமோன் குளிசை, தேவைப்பட்டால் லப்பிரஸ்கோப்பி எண்டு நோவைக் குறைக்க வழிகள் இருக்கு. அந்தக் குளிசையும் எங்கட ஊரில் லேசில்லை. "கலியாணம் கட்டாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையோ?" எண்டு கேள்வி வரும்.

கேட்கவே படாத கேள்விகளும் இருக்கு. மலம் கழிக்கேக்க நோகுதா? உடலுறவில நோகுதா? மாதவிடாய் இல்லாத நாளிலயும் அடிவயிறு இழுக்குதா? களைப்பில எழும்பவே ஏலாமல் இருக்கா? கலியாணம் கட்டாதவளிட்ட இதில பாதியை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கட்டினவள் தானாகச் சொல்லவும் மாட்டாள்.

நோவு படிப்பை, வேலையை, நித்திரையை நிப்பாட்டுதெண்டால் அதுவே டொக்டரிட்டப் போகப் போதுமான காரணம். பிள்ளைப்பேறு அதுக்குப் பிறகு வாற கதை.

போன மாதம் எங்களில ஒருத்தியின்ர தங்கச்சி, பதினைஞ்சு வயசு, டியூசனுக்குப் போகாமல் சுருண்டு கிடந்தாள். இந்தமுறை நாங்கள் பனடோலோட நிற்கேல்ல. எந்தெந்த நாள் நோகுது, எங்க நோகுது, எத்தனை நாள் வகுப்பு விட்டது எண்டு கொப்பி ஒண்டில எழுதச் சொன்னம். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோட நாங்களும் கூடப் போறம்.