காட்டுப்பாக்கத்துக் கற்பூரவல்லி

ஜெர்மனியில் குடித்தனம் செய்யும் என் தங்கை மகளிடமிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் தபால்காரர் கொண்டு வந்ததல்ல, கைபேசியில் வந்ததுதான். "பெரியம்மா! குழந்தைக்கு நல்ல இருமல். இங்கே டாக்டர் 'தைம்' என்ற செடியின் சாற்றில் செய்த பாகைக் கொடுக்கச் சொன்னார். இந்த ஊர்ப் பாட்டிமார்களும் இருமலுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது நாலு புட்டி கட்டிக்கொண்டு வரட்டுமா, இல்லை அந்தச் செடி நம் ஊரிலேயே கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள்.

பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதே இதற்கெல்லாம் பதில் சொல்லத்தானே? பெரிய கடை ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். சுண்டு விரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே காய்ந்த சருகுத் தூள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து முகர்ந்தேனோ இல்லையோ, "அட, தீபாவளி மருந்து வாசனையல்லவா வீசுகிறது!" என்று சொல்லிவிட்டேன். ஓமத்தின் வாசனைதான். அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த பாட்டியம்மாவின் கற்பூரவல்லித் தொட்டி. தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் நாலு இலையும் கையுமாக வந்து நிற்பார் அந்த அம்மாள். இப்போது மகனுடன் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறார். சரி, போய்ப் பார்த்துவிட்டே வரலாம் என்று கிளம்பினேன்.

நீங்களும் என்னோடு வாருங்கள். வடபழனியில் பஸ் ஏறினால் ஆற்காடு சாலையோடு விருகம்பாக்கம், வளசரவாக்கம் தாண்டிப் போரூர் வரும். அங்கே பரங்கிமலை - பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கலந்து மேற்கே திரும்பினால் ஐயப்பன்தாங்கல், அதையடுத்துக் காட்டுப்பாக்கம். அதற்கும் அப்பால் குமணன்சாவடி, பிறகு பூவிருந்தவல்லி. வழி நெடுக மெட்ரோ ரயிலின் தூண்கள் ராட்சதர்களைப்போல் அணிவகுத்து நிற்கின்றன. ஊர்ப் பெயரில் காடு இருக்கிறதே தவிர, கண்ணில் படுவதெல்லாம் அடுக்கு மாடி வீடுகளும், மருந்துக் கடைகளும், துணிக் கடைகளுமே.

ஆனால் இந்தப் பக்கம் முழுவதுமே ஒரு காலத்தில் செடிகொடிக்குப் பேர் போனது. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், தம் கையால் நந்தவனம் வைத்துப் பூப் பறித்துக் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போவார் என்பது வைணவர்கள் சொல்லி வரும் வரலாறு. ஊரின் பெயரிலேயே பூவும் இருக்கிறது, வல்லியும் இருக்கிறது. இப்போது நந்தவனத்துக்கு இடம் ஏது? வல்லியெல்லாம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏறிவிட்டாள்!

பாட்டியம்மாவின் வீடும் இரண்டாவது மாடியில்தான். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"வாம்மா வா! இந்தச் செடிக்கா வெயில்லே இவ்வளவு தூரம் வந்தே? சொல்லியிருந்தா பேரன்கிட்டே கொடுத்து அனுப்பியிருப்பேனே!"

பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் தளதளவென்று நின்றது கற்பூரவல்லி. பிள்ளைத்தாய்ச்சியின் கன்னம் போலச் சதைப்பற்றான இலைகள். ஓரமெல்லாம் ரம்பப் பல். மேலே பூனை மயிர். இலையை இலேசாகக் கசக்கினால் போதும், அந்த மயிர்க்கால்களில் சேர்ந்திருக்கும் தைலம் உடைந்து வாசனை மூக்கில் ஏறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கற்பூரவல்லி என்றால் சிலர் வாழைப்பழத்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. இந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பெயர் உண்டு. அதனால் இதில்தான் ஓமம் காய்க்கிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இல்லை. கடையில் வாங்கும் ஓமம், சீரகத்துக்கும் கொத்தமல்லிக்கும் சோம்புக்கும் தாயாதி. கற்பூரவல்லியோ துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலோரத்துத் தைம் செடியும் இதே துளசிக் குடும்பம்தான். ஆகவே தைமுக்குக் கற்பூரவல்லி பிறப்பால் உறவு. ஓமம் வாசனையால் உறவு. கரீபியத் தீவுகளில் கற்பூரவல்லியையே 'அகல இலைத் தைம்' என்று அழைக்கிறார்கள்!

வாசனை மூன்றுக்கும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1719-ஆம் ஆண்டில் காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் தைம் தைலத்திலிருந்து கற்பூரம் போன்ற வெள்ளைப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். அதற்குத்தான் பின்னால் 'தைமால்' என்று பெயர் வந்தது. அது கிருமிகளை ஒடுக்கும் குணமுள்ளது. நம் ஓமத்தில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை தைலம் இருக்கிறது. அந்தத் தைலத்தில் பெரும் பகுதி இதே தைமால்தான். கற்பூரவல்லியில் தைமாலும், அதன் இரட்டைப் பிறவியான 'கார்வக்ரால்' என்ற பொருளும் இருக்கின்றன.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 1914-ல் முதல் மகாயுத்தம் மூளும் வரையில் நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக மாறி உலகமெங்கும் விலை போய்க்கொண்டிருந்தது. யுத்தத்தில் அந்த வியாபாரம் நின்ற பிறகுதான் இங்கேயே தைமால் எடுக்கும் முயற்சி வலுத்தது. என் தங்கை மகள் ஜெர்மனியிலிருந்து மருந்து கட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

பாட்டியம்மா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "பேரு என்னவோ இருக்கட்டும். எப்படிச் செய்யறதுன்னு கேட்டுக்கோ" என்று அடுப்பைப் பற்றவைத்தார்.

நாலைந்து இலைகளைக் கழுவி, சூடான தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டினார். இலை வதங்கித் துவண்டதும் கையால் பிழிந்தார். ஒரு ஸ்பூன் சாறு. அதில் இரண்டு சொட்டுத் தேன். பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் ஜலதோஷ இருமலுக்கு இதுதான் அவர் முறை. மூக்கடைப்புக்கு, ஓமத்தை வெறும் வாணலியில் வறுத்து, மெல்லிய துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் முகரச் சொல்கிறார். கொதிக்கும் நீரைப் பாத்திரத்தில் வைத்துக் குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. தட்டிவிட்டுக் கொட்டிக்கொண்டால் என்ன ஆவது?

வயிற்று உப்புசத்துக்கு அரை ஸ்பூன் ஓமத்தை உப்போடு மென்று வெந்நீர் குடிப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஓமப்பொடி பிழிகிறோமே, அந்தக் கடலைமாவுக்கும் எண்ணெய்க்கும் ஈடு கொடுக்கத்தான் நம் முன்னோர் அதில் ஓமத்தைச் சேர்த்தார்கள் போலிருக்கிறது. கற்பூரவல்லி இலையைச் சீரகத்தோடு வதக்கித் தேங்காய் வைத்து அரைத்துத் தயிரில் கலந்தால் அருமையான பச்சடி. பஜ்ஜியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியம்மா போட்ட ஏழு பஜ்ஜியில் ஐந்தை நானே தீர்த்தேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு, "பாட்டியம்மா, தெருவிலே எத்தனை குழந்தைகளை இந்த இலையாலே பிழைக்க வைத்தீர்கள்!" என்றேன்.

அந்த அம்மாள் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதேம்மா. ஒரு குழந்தையை நான் கொல்லப் பார்த்தேன்."

திடுக்கிட்டேன். அவர் மெல்லச் சொன்னார். இரண்டாவது பேரனுக்கு அப்போது இரண்டு வயது. இருமலும் காய்ச்சலும் வந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, மூன்று நாள் பார்ப்போம் என்று இலைச் சாற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் டாக்டரிடம் போகலாம் என்றபோது, "நான் நாலு பிள்ளை வளர்த்தவ" என்று வாயை அடைத்துவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி குழந்தைக்கு மூச்சு வேகமாக ஓடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நிமோனியா. பத்து நாள் ஆயிற்று வீடு திரும்ப.

"இலை மேலே தப்பில்லே. ஜலதோஷத்துக்குக் கொடுக்க வேண்டியதை நான் நிமோனியாவுக்குக் கொடுத்தேன். அன்னையிலேருந்து யார் வந்து இலை கேட்டாலும் முதல்லே குழந்தையோட சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பேன். அப்புறம்தான் இலை பறிப்பேன்."

அந்தப் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். பஜ்ஜித் தட்டைக் கொண்டு வந்து வைத்தவன் அவன்தான்.

சகோதரிகளே, நான் காட்டுப்பாக்கத்திலிருந்து கொண்டு வந்த மருந்து இந்த ஒரு வாக்கியம்தான்: முதலில் நெஞ்சைப் பாருங்கள், பிறகு இலையைப் பறியுங்கள்.

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இப்படி இருந்தால் அது வெறும் ஜலதோஷமல்ல. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் அப்படியே. மூன்று நாளல்ல, மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவாக இருந்தால் கைவைத்தியமே வேண்டாம். நேரே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்தப் பிஞ்சு வயிற்றில் விஷமாகிவிடும். கற்பூரவல்லியின் பெயரில் கற்பூரம் இருக்கிறதே என்று பூஜைக் கற்பூரத்தை எடுத்துவிடாதீர்கள். அதைக் கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரும்.

"அப்படியானால் இந்த இலைக்கு மகிமையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, அளவோடு உண்டு. 2006-ல் ஜெர்மனியில் நெஞ்சுச் சளியும் இருமலும் கொண்ட 361 பேருக்கு ஒரு பரீட்சை செய்தார்கள். சிலருக்குத் தைமும் ஐவி என்ற கொடியும் சேர்ந்த பாகு. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் பாகு. ஒன்பது நாளுக்குள் மருந்துப் பாகு குடித்தவர்களுக்கு இருமல் நூற்றுக்கு 69 பங்கு குறைந்தது. வெறும் பாகு குடித்தவர்களுக்கு? அவர்களுக்கும் 48 பங்கு குறைந்துவிட்டது! ஜலதோஷம் தானே போகும். தைம் இரண்டு நாள் முன்னதாக அதை வழியனுப்புகிறது. அவ்வளவுதான். ஐரோப்பிய மருந்து முகமையும் ஜலதோஷத்தோடு வரும் சளி இருமலுக்குத்தான் தைமை, அதுவும் நெடுங்கால வழக்கத்தின் பேரில், ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இலையில் நண்பனாக இருப்பது, வடித்தெடுத்தால் வேறு முகம் காட்டும். 1909-ல் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் பெயரால் ஏற்பட்ட கமிஷன், கொக்கிப்புழுவை ஒழிக்கத் தைமாலைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தது. புழு வெளியேறியது. ஆனால் மருந்து சாப்பிடும் நாளில் சாராயமும் எண்ணெயும் தொடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தொட்டால் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறி ஆளுக்கே ஆபத்து. பிறகு நல்ல மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். ஆகையால் ஓமத் தைலம், தைம் தைலம் என்று சிறு புட்டியில் விற்பதைச் சொட்டுக் கணக்கில்கூட நீங்களாகவே உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் சமையலில் சேரும் ஓமத்துக்குப் பயப்பட வேண்டாம். மருந்தாகச் சாப்பிடுவதானால் டாக்டரையோ சித்த வைத்தியரையோ கேட்டுக்கொள்வது நல்லது.

விடை பெறும்போது பாட்டியம்மா ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு குச்சி ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "மண்ணிலே ஊணு, பிடிச்சுக்கும். தண்ணியை மட்டும் கொட்டிடாதே, அழுகிடும். காலை வெயில் போதும்" என்றார். வழியெல்லாம் அந்த வாசனை. பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண்மணி, "கற்பூரவல்லிதானே? எனக்கு ஒரு குச்சி கொடுங்களேன்" என்றார். ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.

மற்றொன்று என் சமையலறை ஜன்னலில் மூன்று இலை விட்டிருக்கிறது. தங்கை மகளுக்குப் பதில் எழுதிவிட்டேன்: "புட்டி ஒன்றும் வேண்டாம். குழந்தையைப் பத்திரமாக அழைத்துக்கொண்டு வா. இலை இருக்கிறது. ஆனால் முதலில் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பேன்!"