கார்க் கதவும் காக்கா தாத்தாவும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போட்ட படத்தில் எங்கள் கார்க் கதவு எலும்புக்கூடு மாதிரி நின்றதைப் பார்த்து, "என்ன சார், எங்கேயாவது இடிச்சிட்டீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இடிக்கவில்லை. கதவுக்குள் சத்தத்தை அடக்கும் ஷீட் ஒட்டினோம். 2011-ல் வாங்கிய சின்ன கார். இதற்குப் போய் இந்தச் செலவா என்று என் தம்பியே போன் போட்டுத் திட்டினான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு மாதம் ஒருமுறையாவது போய் வருகிறோம். முன்பெல்லாம் வல்லம் தாண்டுவதற்குள் என் மனைவி ஊர்க்கதை பாதியை முடித்திருப்பாள். இரண்டு வருடமாகக் காரில் ஏறினால் வாயே திறப்பதில்லை. நான் ஏதாவது சொன்னால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். கோபம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு நாள் முழுக்க வீட்டில் இருப்பவனைப் பார்த்துச் சலிப்பு என்றும் நினைத்தேன்.

இந்த ஜனவரியில் காது மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வயதினால் வரும் செவித்திறன் குறைவு. இரண்டு காதிலும் இருக்கிறது, வலது காதில் கூடுதல். திரும்பி வரும் வழியில் செங்கிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் சொன்னாள். "கார்ல நீங்க பேசுறது எனக்குக் கேக்கலைங்க. திருப்பிக் கேட்டா, எத்தனை தடவை சொல்றதுன்னு எரிஞ்சு விழுறீங்க. அதான் தலைய ஆட்டிட்டு வரேன்."

டீ ஆறிப்போனது. நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை.

ஒலியியல் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவன் நான். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை கேட்கும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மேலே இருப்பதால் அது தேய்ந்துவிடும். "காக்கா" என்றாலும் "தாத்தா" என்றாலும் "பாப்பா" என்றாலும் அவளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இதன் மேல் காரின் "உம்ம்" என்ற இரைச்சலும் சேர்ந்தால் மிச்சமும் மூடிப்போகும். இன்னொன்றையும் கவனித்தேன். நம் ஊர்க் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம். அவளுடைய மோசமான காது என் பக்கம். நல்ல காது கதவின் பக்கம், அதாவது சத்தத்தின் பக்கம்.

அந்தக் கதவை விரலால் தட்டிப் பார்த்தேன். "டங்" என்றது. வெறும் தகரம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு.

நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் புறவழிச் சாலைப் பக்கம் கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனிடம் போனேன். அவன் மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துத் தட்டினான், கணீரென்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ஷீட்டைத் தட்டின் முதுகில் ஒட்டிவிட்டுத் தட்டினான். "டொக்". "நீங்க நடத்தினதுதான் சார், தடையுறு அதிர்வு" என்றான். எனக்கே பாடம்!

ஷீட் என்பது இதுதான்: 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பியூட்டைல் ரப்பர், அதன் மேல் அலுமினியத் தாள். தகடு அதிரும்போது, அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு நசுங்குகிறது. அதிர்வின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புவது நினைவுக்கு வரும். ரவை எடையைக் கூட்டிச் சுருதியை இறக்குகிறது. இந்த ரப்பர் எடையைக் கூட்டுவதோடு அதிர்வையும் தின்றுவிடுகிறது.

வேலை ஒரு பகல் முழுக்க நடந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை விடுவித்தால் டோர் பேட் வந்துவிடும். அதற்குள் ஒரு பாலித்தீன் தாள். அதையும் பிரித்தால் ஓட்டைகள் வழியே வெளித்தகடு தெரியும். ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் அந்த இடத்தில் பயன் இல்லை. தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவது காசுக்கும் கதவுக் கீலுக்கும் பாரம்.

நானும் வாத்தியார் புத்தியில் வாயைத் திறந்தேன். கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. "தம்பி, சத்தம் இது வழியாத்தானே வரும், இதையும் அடைச்சிடு" என்றேன். சிரித்துவிட்டான். "சார், கண்ணாடி ஓரமா இறங்குற மழைத்தண்ணி இது வழியாத்தான் வெளிய போகும். அடைச்சா ரெண்டே மழையில கதவு துருப்பிடிக்கும்." மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாயிற்றே என்றும் கேட்டேன். நம் ஊர் சித்திரை வெயிலில் இளகி, நாற்றமடித்து, கழன்று விழும் என்றான். பாலித்தீன் தாளை மறக்காமல் திரும்ப ஒட்டினான். அது இல்லாவிட்டால் ஈரம் உள்ளே வருமாம். மூடுவதற்கு முன் கண்ணாடியை நாலு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தான்.

வேலைக்கு நடுவே அவன் சும்மா ஒரு வார்த்தை சொன்னான். "நம்ம தகரக் கொட்டாய் வகுப்புக்கும் இத ஒட்டியிருக்கணும் சார். மழை பேஞ்சா ஒண்ணுமே கேக்காதே."

அவன் போய்விட்டான், அந்த வார்த்தை போகவில்லை. அந்தத் தகரக் கொட்டகையில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். மழை இல்லாத நாளிலும் "கேக்கல சார்" என்பான். நான் எடுத்துக்கொண்டது குறும்பு என்று. இரண்டு மூன்று முறை வெளியே நிற்க வைத்தேன். பிறகு அவன் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டான். திருந்திவிட்டான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். செங்கிப்பட்டி டீக்கடையில் என் மனைவி சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவனுக்குக் காதில் குறை இருந்ததா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான். முன் பெஞ்சுக்கு மாற்றியிருந்தால்கூடப் போதும். தம்பி, இதை நீ படித்தால், என்னை மன்னித்துவிடு.

சரி, பலன் என்ன? பொய் சொல்ல மாட்டேன். அதே சாலை, அதே 60 கிலோமீட்டர் வேகம், அதே செல்போன் செயலி. முன்பு 72 டெசிபல், இப்போது 69. மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியாற்றல் பாதியாகிறது. ஆனால் காதுக்கு அது பாதியாகத் தெரியாது, லேசான குறைவாகத்தான் தெரியும். சக்கரத்தின் சத்தம் தரை வழியாகவும் வருகிறது. அதற்குக் கதவு பொறுப்பல்ல. ஆனால் பேச்சும் இரைச்சலும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிற இடத்தில் இந்தச் சின்னக் குறைவு பெரிய உதவி.

நான்கு கதவுக்கும் கூலியோடு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. காது கருவிக்கும் அளவு கொடுத்திருக்கிறோம். ஏசி விசிறியை ஒன்றில் வைக்கிறேன். வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறேன். கத்துவதில்லை, நிதானமாகப் பேசுகிறேன். உண்மையைச் சொன்னால், ஷீட்டைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்று படுகிறது.

நேற்று வல்லம் தாண்டியதும் அவளாகவே ஆரம்பித்தாள். அவள் அத்தை வீட்டு நிலத்தகராறு. இருபது வருடமாகக் கேட்கிற கதை. செங்கிப்பட்டி வரைக்கும் ஓடியது. நடுவில் நான் ஏதோ சொன்னேன். "என்னங்க?" என்றாள். திரும்பச் சொன்னேன். "ஆங், அதேதான்" என்று மேலே தொடர்ந்தாள்.

பிள்ளைகளே, ஒன்றே ஒன்று. வீட்டில் அப்பாவோ அம்மாவோ பேச்சைக் குறைத்துக்கொண்டு வெறுமனே தலையாட்டுகிறார்கள் என்றால், கோபம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு முறை காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். கார்க் கதவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்