ஜூஸ் 6, ஜூஸ் 7

கூகுளின் ஜூஸ் (Guice) என்ற ஜாவா டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் லைப்ரரியில் 2023 மே மாதம் 6, 7 என இரண்டு வெர்ஷன்கள் ஒருசேர வந்தன. காரணம் ஒரு பெயர் மாற்றம். ஜாவா இஇ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறிய பிறகு, ‘ஜாவாஎக்ஸ்’ என்ற பேக்கேஜ் பெயரைப் பயன்படுத்துவதில் ஆரக்கிளுடன் உடன்பாடு ஏற்படாததால், அதற்குப் பதிலாக ‘ஜகார்த்தா’ வந்தது.

கோடில் மாறுவது இம்போர்ட் வரிதான். ஆனால் பழைய பெயரில் வந்த @இன்ஜெக்ட்டை 7 கண்டுகொள்ளாது. பழைய பெயருள்ள ஜார் ப்ராஜெக்ட்டில் கிடந்தால் கம்பைல் சத்தமில்லாமல் முடியும். ஓடும்போது ஃபீல்டு காலியாக நிற்கும். 6-ஓ @இன்ஜெக்ட்டை இரண்டு பெயரிலும் ஏற்கும். பழைய ப்ராஜெக்ட்காரர்களை நடுத்தெருவில் விடாத இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எல்லா லைப்ரரிகளும் இப்படிச் செய்வதில்லை.

நண்பர்களே, நேராக 7-க்குத் தாவாதீர்கள். 6-க்கு வந்து, @இன்ஜெக்ட் இம்போர்ட்களை மாற்றி, டெஸ்ட் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.