குல்மார்க்கில் அரை நாள் போதாது

'காஷ்மீர்: ஐந்து இரவு, ஆறு பகல்' என்று விளம்பரம் செய்கிற பேக்கேஜ்களில் குல்மார்க்குக்கு ஒதுக்குவது ஒரே ஒரு பகல். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஏறிப் போகிற நேரத்தையும் இருட்டுவதற்குள் இறங்கி வருகிற நேரத்தையும் கழித்தால் கையில் நிற்பது அரை நாள். அதில் ரோப் கார் வரிசை, சூடாக ஒரு மேகி, ஸ்லெட்ஜ் இழுப்பவரோடு பேரம் எல்லாம் போக, கடைசியில் ஒரு பத்து நிமிஷம் பனிச்சறுக்கு. ஒருவர் நம் காலில் இரண்டு பலகைகளை மாட்டி முதுகில் கைவைத்துத் தள்ளுவார், இன்னொருவர் எதிரே நின்று பிடித்துக்கொள்வார், மூன்றாமவர் போட்டோ எடுப்பார். ஊருக்கு வந்து 'ஸ்கீயிங் பண்ணினேன்' என்கிறோம். மெரினாவில் குதிரைமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர் தனக்குக் குதிரையேற்றம் தெரியும் என்பதைப் போலத்தான் இது.

அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். டிசம்பர் பிறந்ததும் போன் செய்தாள். "சித்தப்பா, நாலு நாள் லீவு இருக்கு. குல்மார்க்ல ஸ்கீயிங் கத்துக்கிட்டு வந்துடலாமா?"

"நாலு நாள்ல சுத்திப் பார்க்கலாம்மா. கத்துக்க முடியாது."

அவளுக்கு வருத்தம்தான். ஆனால் முதல் தடவை பனிச்சறுக்குக்குப் போகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். இதைச் சுற்றுலாவாக நினைக்காதீர்கள். ஒரு வாரப் பள்ளிக்கூடமாக நினைத்துத் திட்டம் போடுங்கள். எந்த ஓட்டல், எத்தனை நட்சத்திரம், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். வாத்தியார் யார், எத்தனை நாள் வகுப்பு, காலுக்குப் பொருந்துகிற பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்பவைதான் முதல் கேள்விகள்.

வகுப்புக்கு ஐந்தாறு நாளாவது வேண்டும். முதல் நாள் விழுவதிலேயே போய்விடும். இரண்டாம் நாள் உடம்பு முழுக்க வலி, எதற்கு வந்தோம் என்று தோன்றும். பெரும்பாலோர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வாக்கில்தான் கால் சொன்னபடி கேட்க ஆரம்பிக்கும். இந்த ஐந்தாறு நாளுக்கு முன்னால் ஒரு நாளும் பின்னால் ஒரு நாளும் சும்மா விட்டு வையுங்கள். குல்மார்க் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். ஊட்டியைவிட நானூறு மீட்டர் கூடுதல். கடல்மட்டத்திலிருந்து நேரே வந்து இறங்குகிறவருக்கு முதல் நாள் லேசாகத் தலைவலிக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி தூக்கம் சரியாக வராது. பின்னால் விடுகிற நாள் வானிலைக்கு. பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலை மூடப்படும். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் வந்துவிட்டது. அதையும் ஒரு மாற்று வழியாக மனதில் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது? டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். பனியெல்லாம் அப்போதுதான் விழவேண்டும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இப்போது சரிவர நடப்பதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. அந்தப் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. மாதக் கடைசியில்தான் பனி எட்டிப் பார்த்தது. ஆகவே புத்தாண்டுக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்து, இரட்டை வாடகையும் கொடுத்து, பனிக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமில்லை. என் ஓட்டு பிப்ரவரிக்கு. அப்போது பகல் சற்று நீளும், பனியும் கெட்டிப்பட்டிருக்கும், கூட்டமும் குறையும்.

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் 1968-லிருந்து இயங்குகிறது. தங்குவதற்கு இடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ், வாத்தியார் எல்லாம் சேர்ந்த வகுப்புகளை நடத்துகிறார்கள். அரசு விடுதிக்கே உரிய குறைகள் இருக்கும். குளியலறைச் சுடுதண்ணீரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும். ஆனால் கற்றுக்கொடுப்பதில் குறை சொல்ல முடியாது. உத்தராகண்டில் ஔலி, மணாலிக்கு அருகே சோலாங் இரண்டிலும் அரசு சார்ந்த பயிற்சிகள் உண்டு. இவற்றில் இடம் கிடைக்காதவர்கள் உள்ளூர் வாத்தியாரைத் தனியாக அமர்த்திக்கொள்ளலாம். அப்படி அமர்த்தினால் அரை மணி, ஒரு மணி என்று பேசாதீர்கள். ஒரே ஆளை எல்லா நாளுக்கும் பேசிக்கொள்ளுங்கள். தினமும் ஆளை மாற்றினால் ஒவ்வொருவரும் அ, ஆ-விலிருந்தே ஆரம்பிப்பார்கள்.

இந்த வாத்தியார்களில் பலர் நடக்கப் பழகியதுமே பலகை மேல் ஏறியவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துக்காரர்தான். அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கடை வைத்திருந்தார். பையன் நாலு வயதில் ஆரம்பித்தான். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆவது இடம் வந்தார். அவர் நாலு வயதில் தொடங்கியதை நாம் நாற்பதில் தொடங்குகிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், பக்கத்தில் ஐந்து வயதுப் பொடியன் விர்ரென்று போகும்போது பொறாமை வராது.

நாற்பதில் தொடங்குகிறவர் ஒன்றரை மாதம் முன்னாலேயே உடம்பைத் தயார் செய்ய வேண்டும். இதற்கு ஜிம் தேவையில்லை. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம் போதும். தொடை, முழங்கால், இடுப்பு மூன்றுக்கும் அதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் பார்க்கவில்லை. காதைப் பிடித்துக்கொள்வது உங்கள் இஷ்டம். கூடவே மாடிப்படி ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முக்கியம். முழங்காலில் ஏற்கெனவே தகராறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

இனி பூட்ஸ். முதல் பயணம் உருப்படுமா, உருப்படாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். குல்மார்க்குக்கு ஏறுகிற வழியில் தாங்மார்க்கில் வண்டியை நிறுத்தி, நீள ரப்பர் பூட்ஸையும் ரோமக் கோட்டையும் வாடகைக்குத் திணிப்பார்கள். அது பனியில் நடக்கத்தான் ஆகும். சறுக்குகிற பூட்ஸ் வேறு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் நாலு கொக்கி போட்டது. கடைக்காரர் செருப்பு அளவைக் கேட்டு ஒரு ஜோடியை எடுத்துப் போடுவார். வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே ஒரு காலுறையோடு காலை நுழையுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து ரத்தம் கட்டும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும். அப்படிச் சாயும்போது குதிகால் மேலே தூக்கினால் அந்த பூட்ஸ் பெரிசு, மாற்றுங்கள். மாட்டியபடியே கடைக்குள் பத்து நிமிஷம் நடங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு ஓர் அளவு உண்டு. விழும்போது பலகை தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம் எல்லாம் பார்த்து அதைத் திருகி வைக்க வேண்டும். பல கடைகளில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எடையை மட்டும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். பலகையை நிறுத்தினால் உங்கள் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வந்தால் முதல் தடவைக்குச் சரியான நீளம். ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

உடையில் ஒரே விதி, பருத்தி கூடாது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் விழுந்தவர் மிச்ச நாளெல்லாம் ஈரத்தோடு நடுங்குவார். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே தண்ணீர் புகாத சட்டை, பேன்ட். வெளி அடுக்கை வாடகைக்கு எடுக்கலாம். கையுறை, காலுறை, கண்ணாடி மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். புதுப்பனி புறஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆகவே நம் நிறத்துக்குச் சன்ஸ்க்ரீன் எதற்கு என்று கேட்பவர்கள் மூக்குத் தோல் உரிந்துதான் திரும்புவார்கள்.

வகுப்பு நடப்பது ஊர் நடுவே இருக்கிற சரிவுகளில். கோடையில் அதுதான் வெள்ளைக்காரன் விட்டுப்போன கோல்ஃப் மைதானம். வாத்தியார் நமக்கு முன்னால், நம்மைப் பார்த்தபடி பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு வருவார். நம் பலகைகளின் இரண்டு நுனியையும் கையால் சேர்த்துப் பிடித்திருப்பார். நுனி சேர்ந்து, வால் அகன்று, உள்விளிம்பு பனியைக் கடித்தால் வேகம் குறையும். பிரேக் என்பது அவ்வளவுதான். "நீச்சே மத் தேக்கோ" என்று அதட்டுவார், கீழே பார்க்காதே என்று. சரிவைக் கண்டதும் உடம்பு தன்னால் பின்னால் சாயும். சாய்ந்தால் எடை வாலுக்குப் போய், பலகை நம்மை விட்டுவிட்டு ஓடும். பயமாக இருக்கும்போது பள்ளத்தை நோக்கி, கெண்டைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிற மாதிரி சாய வேண்டும். இது புத்திக்கு ஒரு நிமிஷத்தில் புரியும், உடம்பு ஒத்துக்கொள்ளத்தான் மூன்று நாள் ஆகிறது.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மலைப்பக்கமாக விழுங்கள். பின்னால் உட்கார்ந்தபடி விழுவது முழங்காலுக்கு ஆபத்து. எழும்போது இரண்டு பலகையும் உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நேரே கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழுந்தால் எழுந்த கையோடு வண்டி கிளம்பிவிடும்.

கோண்டோலா என்கிற ரோப் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோளில் நாலாயிரம் மீட்டரை ஒட்டி இறக்கிவிடும். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போய்வாருங்கள், பலகை மட்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கைதேர்ந்தவர்கள் தேடி வருகிற அந்தச் சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் நிஜம். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அப்படித்தான் இறந்தார்கள். முதல் வாரத்திலேயே 'மேலே கூட்டிப்போகிறேன்' என்று ஆசை காட்டுகிற வழிகாட்டியை அன்றே மாற்றிவிடலாம்.

சில்லறை விஷயங்கள் சில. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பனி விழுந்த நாளில் தாங்மார்க்குக்கு மேலே சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அதற்குத் தனிக் காசு. பயணக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பாலிசிகளில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அறையில் விறகோ கரியோ போடுகிற புகாரி அடுப்பு இருந்தால், எவ்வளவு குளிரடித்தாலும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துத் தூங்குங்கள்.

பிப்ரவரியில் போவதென்றால் நவம்பருக்குள் பயிற்சிக்கு எழுதிப்போட்டு இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். விமான டிக்கெட்டை அதற்கப்புறம் எடுக்கலாம்.