இது, உது, அது: ஒஸ்லோவில் படித்த யப்பானிய மொழி

யப்பானிய மொழி படிக்கப் போறன் எண்டு சொன்னதும் இங்கை இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "உதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" அந்த 'உதை' என்ற சொல் பிறகு வகுப்பில் எனக்கு எவ்வளவு உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

2007 இலையுதிர்காலம். நான் நோர்வேக்கு அகதியாக வந்து நான்காவது வருடம். இரவில் அலுவலகங்களில் துப்புரவு வேலை, பகலில் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் பிளிண்டர்ன் வளாகம். வகுப்பில் இருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் மங்கா வாசித்து, அனிமே பார்த்து வளர்ந்த நோர்வேப் பிள்ளைகள். எனக்கோ 'ஒஷின்' நாடகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

முதற்கிழமை ஹிரகானா, 46 எழுத்து. சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது. அ, இ, உ, எ, ஒ. அதற்குப் பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' வரிசை முற்காலத்தில் 'ப' ஒலியாக இருந்ததாம். அப்படியென்றால் இது எங்கடை அரிச்சுவடி ஒழுங்குதானே? பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்து ஒழுங்கு என்று விரிவுரையாளர் விளக்கினார். மற்றவர்கள் அகராதியில் சொல் தேடத் தடுமாறியபோது எனக்கு அது தண்ணி பட்ட பாடு.

அடுத்தது கொரே, சொரே, அரே. என் கையில் இருப்பது கொரே, உன் பக்கத்தில் இருப்பது சொரே, இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது அரே. நோர்வேஜிய மொழியில் இப்படி மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். யாழ்ப்பாணத்தானுக்கு என்ன கஷ்டம்? இது, உது, அது! தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டில் 'உ' தமிழ்நாட்டுப் பேச்சில் எப்போதோ மறைந்துவிட்டது. எங்களிடம் இன்னும் இருக்கிறது.

வினை கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது எல்லாம் உங்களுக்குக் கேள்விப்பட்ட விசயமாக இருக்கும். என்னை உலுக்கியது வேறு. 'தபெதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்பது பார்த்தல்தான், அதே கண்ணால் பார்க்கிற பார்த்தல். முயன்று பார் என்பதற்கும் அதே சொல். 'தொ' என்பது எங்கடை 'என்று'.

இரண்டாம் வருடத்தில் 'சோ தெசு' வந்தது. வசனத்தின் முடிவில் இதைச் சேர்த்தால் நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள். தமிழில் 'வந்தாங்களாம்' என்கிறோமே, அந்த 'ஆம்'. அன்று வகுப்பில் கனநேரம் பேசாமல் இருந்தேன். என்னுடைய அகதி நேர்காணலில் "வீட்டுக்குத் தேடி வந்தாங்களாம்" என்று நான் சொன்னது, நோர்வேஜிய மொழியில் போனபோது 'ஆம்' இல்லாமல் போனது. பிறகு, நீ கண்டாயா, நீ அப்போது எங்கே நின்றாய் என்று திரும்பத் திரும்பக் கேள்வி. இரண்டு எழுத்து ஐயா, இரண்டே இரண்டு எழுத்து!

தமிழும் யப்பானிய மொழியும் உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ 1980களிலிருந்து எழுதி வந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி அம்மையாரும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். ஓனோ 2008இல் காலமானார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அந்த உறவை ஏற்கவில்லை. நானும் இரத்த உறவு கொண்டாட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப்போலவே சோறு குழைத்துச் சாப்பிடுவதைக் கண்ட சந்தோசம், அவ்வளவுதான்.

ஒஸ்லோவை நான் ஒழுங்காகச் சுற்றிப் பார்த்ததும் இந்தப் படிப்பால்தான். காசில்லாதவனுக்கு வீகெலாண்ட் சிலைப் பூங்கா நல்ல இடம், உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஒரே கல்லில் 14 மீற்றர் உயரத்துக்கு 121 மனித உருவங்கள் ஒன்றையொன்று பற்றி ஏறுகிற தூணடியில் நின்று ஹிதோரி, ஃபுதாரி, சன்னின் (ஒருவர், இருவர், மூவர்) என்று எண்ணிப் பழகுவேன். முப்பது தாண்டமுதல் விரல் விறைத்துவிடும். மார்கழியில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டு. பிறகு ரி-பானெ பிடித்து குரொன்லாண்ட் போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடவேண்டும்.

தோக்கியோவில் ஒரு தவணை படிக்கும் வாய்ப்பு வந்தபோது வகுப்பில் கனபேர் நோர்வேக் கடவுச்சீட்டோடு போனார்கள். என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயண ஆவணம். அதற்கு விசா கிடைக்குமென்று உறுதி சொல்ல ஆளில்லை. வேலையையும் விட ஏலாது, ஊருக்குக் காசு அனுப்பவேண்டும். போகவில்லை.

2012இல் குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடம் நரித்தா விமான நிலையத்தில் இறங்கினேன். குடிவரவு மேசையில் இருந்த வயதான மனிதர் என் முகத்தையும் நோர்வேக் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, எதற்கு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கிதே மிமஷித" என்றேன். வந்து பார்த்தேன்.