ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் இணையப் பக்கமும்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது முதுமொழி. அதன் உண்மையைச் சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்கள் நால்வரும் நன்கு உணர்ந்தோம்.

கணிப்பொறிப் பாடத்தின் பயிற்சியாக, நம் பள்ளி நூலகத்திற்கு ஓர் இணையப் பக்கம் அமைக்கும் பணி எங்களுக்கு அளிக்கப்பட்டது. ஹெச்.டி.எம்.எல். வீட்டின் சுவர், சி.எஸ்.எஸ். அதற்குப் பூசும் வண்ணம். ஜாவாஸ்கிரிப்ட் திறந்து மூடும் கதவு. இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்களாயிற்றே நாங்கள்! பெருமிதத்துடன் தொடங்கினோம்.

முதல் மூன்று நாட்கள் வண்ணத்தைப் பற்றிய வாக்குவாதத்திலேயே கழிந்தன. இறுதியில் இளஞ்சிவப்புப் பின்னணியும் வெள்ளை எழுத்துகளும் வென்றன. கைப்பேசியில் எடுத்த எட்டுப் படங்களை, ஒவ்வொன்றும் 4 மெகாபைட் அளவில், அப்படியே ஏற்றினோம். ஒருநாள் மாலை பக்கத்தின் பாதி அலங்காரம் திடீரென மறைந்தது! மூன்று மணி நேரம் தேடிய பின்னரே, ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தது தெரிந்தது. ஒருவாறு வேலை முடிந்தது. கணிப்பொறித் திரையில் பக்கம் ஓவியம்போல் திகழ்ந்தது. ஆசிரியை அதனை இணையத்தில் ஏற்றித் தந்தார்கள்.

சனிக்கிழமை எங்களுள் ஒருத்தியின் இல்லத்தில் கூடினோம். தையல் வேலை முடிந்து வந்த அவளுடைய அம்மாவிடம், அவர்களது கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து கொடுத்தோம். வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துப் படங்கள் வந்தன. எழுத்துகளோ எறும்புகளாய்ச் சுருங்கி, இளஞ்சிவப்பில் கரைந்து கிடந்தன. “ரொம்ப நல்லா இருக்கு, பிள்ளைங்களா” என்று புன்னகையுடன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு சொல்லையும் படிக்கவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. நாணித் தலைகுனிந்தோம்.

ஆசிரியையிடம் நடந்ததைக் கூறினோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. 1991-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகிற்கு அறிவித்த முதல் இணையதளத்தைத் தம் கைப்பேசியில் திறந்து காட்டினார்கள். படம் ஒன்றுகூட இல்லை. எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே. ஆயினும் நொடியில் திறந்தது. “நீங்கள் யாருக்காகச் செய்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார்கள்.

மீண்டும் அமர்ந்தோம். படம் ஒவ்வொன்றையும் 100 கிலோபைட்டுக்குள் சுருக்கினோம். கைப்பேசித் திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் அமைய, ‘வியூபோர்ட்’ என்னும் ஒரு வரியைச் சேர்த்தோம். பிக்சலில் கொடுத்திருந்த அகலங்களை விழுக்காடாக மாற்றினோம். எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவேனும் வேண்டும் என்கிறது உலகளாவிய இணைய வழிகாட்டு நெறி. ஆகவே, ஆசையாய்த் தேர்ந்த இளஞ்சிவப்பைக் கைவிட்டோம். வெள்ளையில் கறுப்பு எழுத்துகள் வந்தன. பார்வையற்றோரின் திரைபடிப்பான் வாசித்துச் சொல்ல, ஒவ்வொரு படத்திற்கும் விளக்கம் எழுதினோம்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் அதே இல்லம். இம்முறை அம்மா கைப்பேசியை உடனே திருப்பித் தரவில்லை. விரலால் தள்ளித் தள்ளி, நிதானமாகப் படித்தார்கள். பிறகு, “நூலகம்னு போடாம நுலகம்னு போட்டிருக்கீங்களே!” என்று சிரித்தார்கள்.

தோழியரே, முன்பு பெற்ற பாராட்டைவிட அந்தத் திருத்தமே எங்களுக்கு இனித்தது. அவர்கள் படித்துவிட்டார்கள் அல்லவா!